ஒரு வேப்பமரமும் ஓராண்டு ஓவிய வகுப்பும்

புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் ஈராசிரியர் தொடக்கப்பள்ளியில், ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள 24 குழந்தைகளுக்குப் பொறுப்பேற்றிருக்கும் நீங்கள், வரும் ஜூன் மாதத்திலிருந்து வாரந்தோறும் இரண்டு பாடவேளைகளை ஓவியத்துக்கு ஒதுக்கி, அவற்றைப் பருவகாலங்களை ஒட்டித் திட்டமிட விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். இணையத்தில் கிடைத்த திட்டங்கள் யாவும் வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று நான்காகப் பிரிந்து, பனிமனிதனும் சிவந்த மேப்பிள் இலையுமாக இருக்கின்றன என்கிறீர்கள். உங்களுக்கு வரைய வராது, பொருள் வாங்கப் பணம் அதிகமில்லை, மூன்று வகுப்பும் ஒரே அறையில் அமர்ந்திருக்கின்றன. இந்நிலையில் எங்கிருந்து தொடங்குவது என்பது உங்கள் கேள்வி. இதே வயதுக் குழந்தைகளோடு முப்பது ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், எனக்குப் பயன்பட்டதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த நான்கு பருவத் திட்டங்களை ஒதுக்கி வைத்துவிடுங்கள். அவை தம்மளவில் சரியானவையே. அவை எழுதப்பட்ட ஊர்களின் குழந்தைகள் உண்மையிலேயே அக்டோபரில் சிவந்த இலையையும் ஜனவரியில் பனிப்பொழிவையும் காண்கிறார்கள். நம் குழந்தைகளோ அவற்றைப் படத்தில் மட்டுமே கண்டவர்கள். ஆகவே அவர்கள் அவற்றை வரையும்போது ஒரு படத்தைப் பார்த்து இன்னொரு படம் செய்கிறார்கள். அப்படியானால் தொல்காப்பியம் சொல்லும் ஆறு பெரும்பொழுதுகளைக் கொள்ளலாமே என்று தோன்றும். ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில் என்ற அந்தப் பகுப்பு அழகானது, நமக்கே உரியது. ஆனால் தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. உங்கள் பக்கத்துக் கண்மாய்கள் நிரம்புவதும் ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆவணியில் ஓரிரு இடிமழை பெய்தாலும், "இது கார்காலம், மழையை வரையுங்கள்" என்று சொன்னால் பெரும்பாலான நாள்களில் குழந்தை சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குழம்பித்தான் போகும். ஆறு வயதில் பருவத்தின் பெயர் அவசியமில்லை. அந்த வயதுக் குழந்தைக்குத் தெரிந்தவை காற்று, மழை, பனி, வெயில் ஆகிய நான்குதான். நம் பள்ளியாண்டும் அந்த வரிசையிலேயே நகர்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்று, அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை மழை, பிறகு பிப்ரவரி வரை பனி, மார்ச்சும் ஏப்ரலும் வெயில். உங்கள் திட்டத்தின் எலும்புக்கூடு இதுவே.

பருவத்தை ஒட்டித் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தை மட்டும் கணக்கில் கொள்கிறார்கள்: இப்போது என்ன பூக்கிறது, என்ன விளைகிறது, எந்தப் பூச்சி வருகிறது என்பவற்றை. அதே அளவுக்கு முக்கியமான இன்னொன்று உண்டு. பருவம் நம் கையிலுள்ள பொருளையும் மாற்றுகிறது. கார்த்திகையில் செய்த களிமண் பொம்மை பத்து நாளானாலும் காயாமல் பூசணம் பிடிக்கும். ஆடி மாதத்தில் மரத்தடியில் தாளை விரித்தால் வகுப்பு முழுவதும் தாளைத் துரத்திக்கொண்டிருக்கும். அடைமழையில் நீர்வண்ணம் பூசிய தாள் இரண்டு நாள் ஈரமாகவே கிடக்கும். பங்குனி வெயிலிலோ அதே தாள் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். எனவே எந்த மாதத்தில் எந்தப் பொருள் ஒத்துழைக்கும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, பிறகு பாடப்பொருளைத் தேடுவதே என் வழக்கம். களிமண்ணுக்கு ஆடி, ஆவணி. கிரேயானுக்கும் சிலேட்டுக்கும் ஐப்பசி முதல் தை வரை. தண்ணீர் கலந்த வண்ணத்துக்கு மாசி, பங்குனி.

இனி, வரைய வராது என்ற உங்கள் கவலை. பணியில் சேர்ந்த முதல் ஆண்டு, மழைக்காலத்தில் ஒருநாள் "மழை பெய்வதை வரையுங்கள்" என்று சொல்லி, அவர்களுக்கு உதவியாக இருக்கட்டுமே என்று கரும்பலகையில் இரண்டு முக்கோண மலை, நடுவே ஓடிவரும் ஆறு, ஒரு கூரை வீடு, ஒரு தென்னை, மேலே மேகம் என்று நானே வரைந்து காட்டினேன். முப்பதுக்கு மேற்பட்ட தாள்களிலும் அதே இரண்டு மலைகள் வந்தன. அந்த ஊரிலிருந்து எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரு மலைகூடக் கிடையாது, ஆறும் கிடையாது. நிரம்பித் ததும்பிக்கொண்டிருந்த கண்மாய் பள்ளிக்குப் பின்னால் நூறடி தூரத்தில் இருந்தது. அதை ஒருவரும் வரையவில்லை, ஏனெனில் நான் வரையவில்லை. அன்றிலிருந்து இந்த வயதினருக்குக் கரும்பலகையில் மாதிரிப் படம் போடுவதை நிறுத்திவிட்டேன். உங்களுக்கு வரைய வராதது இங்கே குறையாகாது. கேட்கத் தெரிந்தால் போதும்: "மழை பெய்தால் மாடு எங்கே நிற்கும்? அதன் முதுகில் தண்ணீர் எந்தப் பக்கம் வழியும்? குடை இல்லாதவர்கள் தலைமேல் எதைப் போட்டுக்கொள்வார்கள்?" இப்படி நான்கு கேள்விகள் கேட்டுவிட்டுத் தாளைக் கொடுங்கள். உரச்சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு நடக்கும் அப்பா அந்தத் தாளில் தானாகவே வருவார்.

குழந்தை வரைவது பெரியவர் கண்ணுக்குத் தவறாகத் தெரியும் இடங்களில் கைவைக்காமல் இருப்பதற்கு, அந்த வயதின் இயல்பு தெரிந்திருக்க வேண்டும். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் கற்பித்த விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இல் வெளியிட்ட ஆய்வில் குழந்தை ஓவியத்தின் படிநிலைகளை வகுத்தார். சுமார் நான்கு முதல் ஏழு வயது வரை பொருள்கள் தாளில் மிதக்கும். எது குழந்தைக்கு முக்கியமோ அது பெரிதாக இருக்கும். ஏழு முதல் ஒன்பது வரை தாளின் அடியில் ஒரு தரைக்கோடு தோன்றும், எல்லாம் அதன்மேல் நிற்கும். சுவருக்குள் இருக்கும் அம்மாவும் தண்ணீருக்குள் இருக்கும் மீனும் வெளியே தெரியும். உங்கள் அறையில் இரண்டு நிலையினரும் கலந்தே இருப்பார்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குத் தரைக்கோடு வரவில்லை என்று நீங்கள் கோடு போட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. இதற்கு நல்ல சான்று உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. சித்தன்னவாசல் சமணக் குடைவரையின் விதானத்தில் 9ஆம் நூற்றாண்டில் தீட்டிய தாமரைக்குளம், மேலிருந்து பார்த்ததுபோலத் தளம் முழுவதும் பரந்திருக்கிறது. ஆனால் அதிலுள்ள மீன்களும் எருமைகளும் யானைகளும் பக்கவாட்டில் பார்த்தவாறு தெரிகின்றன. உங்கள் இரண்டாம் வகுப்பு மாணவி கண்மாயை வட்டமாக வரைந்து, அதற்குள் மீன்களைப் பக்கவாட்டில் நிறுத்தும்போது, அந்தப் பழைய ஓவியர்கள் தேர்ந்த வழியைத்தான் அவளும் தேர்கிறாள். கண்மாய் நிரம்பிய பிறகு, ஐப்பசி இறுதியிலோ கார்த்திகையிலோ, அந்த விதானத்தின் நல்ல வண்ணப்படம் ஒன்றைக் காட்டி, "நம் கண்மாயில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்து மழைக்காலப் பாடங்களில் இதைவிடச் சிறந்தது இல்லை. வாய்ப்பிருந்தால் வெயில் தாழ்ந்த ஒருநாளில் குழந்தைகளை நேரிலேயே அழைத்துச் செல்லுங்கள்.

ஆண்டு முழுவதையும் இணைக்கும் கயிறாக ஒரு மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி வளாகத்திலோ வாசலிலோ வேம்பு இல்லாத ஊர் நம் பக்கத்தில் அரிது. பருவத்துக்குப் பருவம் இவ்வளவு தெளிவாக மாறுகிற மரமும் அதுதான். ஜூனில் பள்ளி திறக்கும்போது தரையெல்லாம் மஞ்சள் பழம், காக்கையும் மைனாவும் கிளையில். ஆடியில் காற்றில் ஒரு பக்கமாகச் சாயும் கொப்புகள். கார்த்திகையில் நனைந்து கருத்த அடிமரம். மார்கழிக் காலையில் பனி சொட்டும் இலைகள். மாசியில் பழுத்து உதிரும் மஞ்சள் இலை. பங்குனியில் செம்புநிறத் தளிர், அதையடுத்து வெண்பூ. பெரிய பள்ளிகளில் புங்கையோ வாகையோ இருந்தால் அவையும் பொருந்தும். தென்னையும் பனையும் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால் இந்தப் பாடத்துக்கு உதவாது. ஓர் ஆண்டில் அந்த மரத்தை ஆறு முறை வரையச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் முதலில் அதன் அருகே சென்று தொட்டு, முகர்ந்து, அடியில் கிடப்பதைப் பொறுக்கி, பத்து நிமிடம் பேசிய பிறகு. முந்தைய படத்தை அன்று காட்டாதீர்கள். முதல் படத்தில் ஒரு பழுப்புத் தூணும் ஒரு பச்சை மேகமும்தான் இருக்கும். மூன்றாவது, நான்காவது படத்துக்கு வரும்போது கிளை பிரியும் இடமும் பட்டையின் வெடிப்பும் எறும்பு வரிசையும் வரத் தொடங்கும். ஒருமுறை மழை ஓய்ந்த மதியத்தில் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "சார், மழ பேஞ்சா மரம் கறுத்துப்போவுது சார்" என்றான். அதுவரை ஒவ்வொரு மரத்துக்கும் பழுப்புக் கிரேயானையே எடுத்தவன், அன்று தானாகவே கரித்துண்டை எடுத்தான். பருவத்தை ஒட்டிய ஓவியப் பாடத்திலிருந்து நான் எதிர்பார்ப்பது இந்த அளவுதான். இது நடந்துவிட்டால் அந்த ஆண்டு வீணாகவில்லை.

மாதங்களை இனி வரிசையாகப் பார்ப்போம். ஜூனில் முதல் இரண்டு வகுப்புகளில் எதையும் கற்பிக்காதீர்கள். விரும்பியதை வரையவிட்டு, யார் எந்தப் படிநிலையில் இருக்கிறார்கள், யார் தாளின் ஓரத்திலேயே சிறிதாக வரைகிறார்கள், யார் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தே வரைகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வேம்பின் முதல் படம். அடுத்து ஆனி, ஆடிக் காற்று. காற்று கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதை வரைவது இந்த வயதுக்கு நல்ல சவால். வெளியே நின்று, எது ஆடுகிறது, எது ஆடவில்லை, சேலை எந்தப் பக்கம் பறக்கிறது, கோழியின் இறகு எப்படிச் சிலிர்க்கிறது என்று பார்த்துவிட்டு, உள்ளே வந்து வரையட்டும். பனையோலையில் காற்றாடி செய்வதை ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கொண்டு கற்பியுங்கள். மட்டையின் கூரிய கருக்கை அவர் முன்கூட்டியே சீவிவிட வேண்டும். செய்த காற்றாடியோடு ஓடிவிட்டு வந்த குழந்தை வரையும் கோடு, ஓடாத குழந்தையின் கோட்டைப்போல இருப்பதில்லை.

ஆடிக் கடைசியும் ஆவணியும் களிமண்ணுக்கு. இதற்கு மட்டும் நான்கு வகுப்புகளைத் தயங்காமல் ஒதுக்குங்கள், ஏனெனில் பென்சில் பிடிக்கவே சிரமப்படும் ஒன்றாம் வகுப்பு விரல்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஒரு குழந்தைக்கு 400 கிராம் என்றால் 24 பேருக்குச் சுமார் 10 கிலோ மண் போதும். மண்பாண்டம் செய்யும் வேளார் குடும்பம் அருகில் இருந்தால் அவர்களிடமே பிசைந்த மண்ணாகக் கேட்டு வாங்குங்கள். உங்கள் மாவட்டத்து ஊர்களில் அய்யனாருக்குப் புரவி எடுப்பதற்கான மண்குதிரைகளைச் செய்கிற கைகள் அவர்களுடையவை, பள்ளிக்கென்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கிடைக்காவிட்டால், காய்ந்த கண்மாய்க் களிமண்ணை இடித்துக் கல் நீக்கி, இரண்டு நாள் ஊறவைத்து, ஒட்டாத பதம் வரும்வரை பிசைந்து, ஈரச்சாக்கில் சுற்றி வையுங்கள். முதல் களிமண் வகுப்பில் எதையும் செய்யச் சொல்லாதீர்கள்; உருட்டவும் தட்டவும் கிள்ளவும் விடுங்கள். இரண்டாவதில் ஒரே உருண்டையிலிருந்து காலையும் தலையையும் இழுத்து ஒரு விலங்கு. தனியாகச் செய்து ஒட்டிய கால்கள் காயும்போது கழன்றுவிடும் என்பதால் இழுத்தே செய்யப் பழக்குங்கள். பொம்மையை நிழலில் மெதுவாகக் காயவையுங்கள். நேர் வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையார் சதுர்த்தி நெருங்கும் காலமாதலால், களிமண் பொம்மைக்குக் கண்ணாகக் குன்றிமணியை யாராவது கொண்டுவருவார்கள். அது கொடிய நஞ்சு. மென்று விழுங்கிய விதை உயிருக்கே ஆபத்தாகலாம். வகுப்பறைக்குள் அனுமதிக்காதீர்கள், கண்ணுக்குப் புளியங்கொட்டையோ துவரையோ போதும். அரளிப் பூவும், ஊமத்தங்காயும், கண்ணில் பட்டால் எரித்துவிடும் எருக்கம்பாலும் அப்படியே விலக்க வேண்டியவை. மழைக்காலத்தில் வேலியில் பூக்கும் செங்காந்தள் நம் மாநில மலர். குழந்தைகள் வரைய ஆசைப்படும் பூவும்கூட. அதன் கிழங்கு உட்பட எல்லாப் பாகமும் நஞ்சு என்பதால், செடியில் இருக்கும்போதே தள்ளி நின்று பார்த்து வரையட்டும், பறிக்க வேண்டாம்.

மழைக்காலம் வளமானது, அதை வகுப்பறைக்குள்ளிருந்தே நடத்த வேண்டியிருக்கும். ஐப்பசியின் முதல் நல்ல மழை எந்த நாளில் வருகிறதோ அந்த நாளே மழைப் பாடத்தின் நாள். கால அட்டவணையில் அன்று கணக்கு என்றிருந்தாலும் இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். கண்ணை மூடி ஓட்டுக் கூரையிலோ தகரத்திலோ விழும் மழையின் ஓசையைக் கேட்டு, அந்த ஓசைக்கு ஏற்பக் கரித்துண்டால் தாளில் புள்ளியும் கோடும் இடச் சொல்லுங்கள். தூறலும் பெருமழையும் தாளில் வெவ்வேறாகத் தெரியும். தூறல் நாளில், கெட்டித் தாளில் மஞ்சள் பொடியையும் காவிப் பொடியையும் மெல்லிதாகத் தூவி, தாழ்வாரத்தின் விளிம்பில் சில நொடிகள் நீட்டிப் பிடித்தால், மழைத்துளிகளே புள்ளி வைத்துக்கொடுக்கும். காய்ந்த பிறகு அந்தப் புள்ளிகளுக்குள் என்ன தெரிகிறதோ அதை வரைவார்கள். வெள்ளைக் கிரேயானால் அழுத்தி மழைக்கோடு போட்டுவிட்டு, மேலே சொட்டுநீலம் கரைத்த தண்ணீரைப் பூசினால், மெழுகு தண்ணீரை விலக்க, கோடுகள் வெண்மையாக எழுந்து நிற்கும். இந்த ஈரப் பாடத்தை மழை மாதங்களில் ஒருமுறைக்கு மேல் வைக்காதீர்கள், காயவைக்க இடமிருக்காது. அறைக்குள் ஒரு கொடி கட்டித் துணிக் கிளிப் மாட்டி வைத்துக்கொள்ளுங்கள். மழை விட்ட மறுநாள் வெளியே போனால் சிவப்பு வெல்வெட்டுப் போன்ற தம்பலப்பூச்சி, ஈசல் இறகு, நத்தை, மண்ணில் நண்டு தோண்டிய வளை என்று பாடம் தரையிலேயே கிடக்கும். இடி இடிக்கும்போது மட்டும் எவ்வளவு கெஞ்சினாலும் மரத்தடிக்கு அழைத்துப் போகாதீர்கள்.

பனி மாதங்களில் சிலேட்டை எடுங்கள். கரிய சிலேட்டில் வெள்ளைச் சாட்பீஸால் வரையும்போதுதான் பனி பனியாகத் தெரிகிறது; வெள்ளைத் தாளில் பனியை வரைய முடியாமல் குழந்தைகள் திணறுவதைப் பார்த்த பிறகே எனக்கு இது தோன்றியது. காலை வழிபாட்டுக்கு முன் வேலியில் சிலந்தி வலைகள் பனித்துளி கோத்து நிற்கும்; எட்டரை மணிக்குள் பார்த்துவிட வேண்டும், வெயில் ஏறினால் மறைந்துவிடும். அடுத்தது கோலம். மூன்று புள்ளி, மூன்று வரிசை என்ற நேர்ப்புள்ளியில் தொடங்கி, வளைத்துச் சுற்றும் சிக்குக் கோலம் வரை மூன்றாம் வகுப்பினர் போவார்கள். ஒன்றாம் வகுப்பினர் புள்ளிகளை இடைவெளி தவறாமல் வைப்பதே பெரிய வேலை. பையன்களையும் கட்டாயம் உட்காரவையுங்கள். ஊரில் கோலத்துக்குப் பெயர்பெற்ற பாட்டி ஒருவரை அழைத்து வந்து, அவர் எதுவும் விளக்காமல் ஒரு கோலம் போடுவதை அனைவரும் மௌனமாகப் பார்க்க வேண்டும். கை போகும் வேகத்தையும் மாவு விழும் அளவையும் சொல்லிப் புரியவைக்க முடியாது. தையில் விடுமுறை போக மிஞ்சுவது சில நாள்களே. வைக்கோலும் கரும்புத் தோகையும் கொண்டு பின்னல், ஒட்டுப்படம் என ஏதேனும் ஒன்று போதும்.

மாசி இலை உதிரும் மாதம். நம் ஊர் இலையுதிர்காலம் இதுதான் என்று சொன்னால் குழந்தைகளுக்கு அந்தச் சொல்லும் விளங்கிவிடும். ஒவ்வொருவரும் இருபது உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி, இளமஞ்சளில் தொடங்கிக் கரும்பழுப்பு வரை தரையில் வரிசைப்படுத்தட்டும். இலை என்றால் பச்சை என்ற எண்ணம் அந்த ஒரு வகுப்பில் கலைந்துவிடும். நரம்பு மேடாக இருக்கும் பக்கத்தை மேலே வைத்து, மெல்லிய தாள் போர்த்திக் கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்தால் இலையின் உருவம் எழும். அதே மாசியில், மகத்தன்று, கீரமங்கலம் அருகேயுள்ள குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனாரின் பெரிய குதிரைச் சிலைக்குக் காகிதப்பூ மாலைகள் சாத்தப்படுவதைக் குழந்தைகளில் சிலராவது பார்த்திருப்பார்கள். அந்த வாரத்தில் வண்ணத்தாளில் பூ மடித்து நூலில் கோக்கும் பாடம் வைத்தால், அந்தக் குழந்தைகளே மற்றவர்களுக்கு ஆசிரியர்களாகிவிடுவார்கள்.

பங்குனி வெயிலுக்கென்று ஒரு பாடம் உண்டு. மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்துத் தாளில் பூசி நிழலில் உலர்த்தி, மேலே ஒரு வேப்பிலைக் கொத்தோ முருங்கை ஈர்க்கோ வைத்துக் கண்ணாடித் துண்டாலோ கற்களாலோ அசையாமல் அமுக்கி வெயிலில் விடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுக்கும் இயல்புடையது. சில மணி நேரம் முதல் இரண்டு நாள் வரை ஆகலாம். இலையை எடுத்தால், அது மறைத்த இடம் மட்டும் மஞ்சளாக நிற்கும். கண்ணாடி வைத்தால் விளிம்புகளுக்கு ஒட்டுநாடா சுற்றி நீங்களே கையாளுங்கள். இன்னொன்று, பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் ஒரே குழந்தையின் நிழலைத் தரையில் சாட்பீஸால் வரைந்து ஒப்பிடுவது. கணக்கும் அறிவியலும் தாமாகவே உள்ளே வந்துவிடும். செம்மண், கரம்பை, சுண்ணாம்பு, அடுப்புக்கரி ஆகியவற்றைத் துணியில் சலித்து, இரவு முழுவதும் ஊறவைத்த கருவேலம்பிசின் நீரில் குழைத்தால் நான்கு வண்ணம் கிடைக்கும். கல்சுண்ணாம்பு கையைப் புண்ணாக்கும் என்பதால் அதற்குப் பதிலாகச் சாட்பீஸ் தூள். சங்குப்பூச் சாற்றின் நீலம் எலுமிச்சைச் சாறு பட்டதும் ஊதாவாக மாறுவதைக் காட்டினால், அந்த மாதம் முழுவதும் அதைப் பற்றியே பேசுவார்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, இரண்டு பாடவேளைகளையும் தனித்தனியாக வைக்காமல் ஒரே நாளில் தொடர்ச்சியாக வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது நிமிடத்தில் தாள் கொடுத்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். எண்பது நிமிடம் இருந்தால் இருபது நிமிடம் வெளியே பார்ப்பது, பத்து நிமிடம் பேசுவது, முப்பத்தைந்து நிமிடம் செய்வது, மிச்சத்தில் கழுவித் துடைத்து அடுக்குவதும் படங்களைச் சேர்ந்து பார்ப்பதும் என்று அமையும். பார்ப்பதற்கான நேரத்தை எக்காரணம் கொண்டும் குறைக்காதீர்கள். தேர்வு, விழா, விடுமுறை கழித்துப் பார்த்தால் ஆண்டுக்கு முப்பது வகுப்புகள் தேறலாம். அவற்றில் 22-க்கு மட்டும் திட்டம் எழுதி, எட்டை வெறுமனே விட்டுவையுங்கள். குளவி கூடு கட்டும் நாளும், வானவில் வரும் நாளும், பள்ளிக்குப் பின்னால் ஆட்டுக்கிடை போடும் நாளும் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. மூன்று வகுப்புக்கும் ஒரே பாடம் போதும், வேலையின் கனம் மட்டும் மாறட்டும்: ஒரே சிலந்தி வலையை ஒன்றாம் வகுப்பு விரலால் மணலில் வரையும், இரண்டாம் வகுப்பு சிலேட்டில் வரையும், மூன்றாம் வகுப்பு வலையோடு வேலியையும் சேர்த்து வரையும்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணை, நூறு குழந்தைகளுக்கு மேல் உள்ள இடங்களில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைதான் பகுதிநேரக் கலை ஆசிரியரைக் குறிப்பிடுகிறது. தொடக்க வகுப்புகளுக்கு வகுப்பாசிரியரே எல்லாம். ஆகவே யாரும் பொருள் கொண்டுவந்து தரப்போவதில்லை என்றே கருதித் திட்டமிடுங்கள். பணம் செலவிடத்தக்கவை இரண்டுதான்: தரமான கிரேயான், கொஞ்சம் கெட்டியான ஓவியத்தாள். மலிவான கிரேயானில் மெழுகே மிகுதி, நிறம் ஏறாமல் குழந்தை சலித்துவிடும். ஓவியத்தாளை நான்காக வெட்டினால் போதும். மற்றவற்றுக்கு ஒருபக்கம் அச்சான தாள், திருமண அழைப்பிதழ் அட்டை, நாள்காட்டியின் பின்பக்கம், மைதாப் பசை. காய்கறி அச்சு எல்லாத் திட்டங்களிலும் இருக்கிறது. உண்ணத்தக்க காயை வண்ணத்தில் தோய்ப்பது எனக்கு என்றுமே மனம் ஒப்பாத செயல். சத்துணவுக் கூடத்தில் அரிந்து எறியும் வெண்டைக்காய்த் தலையும் கத்தரிக் காம்பும் அதே அச்சைத் தரும்.

பண்டிகைகளைப் பற்றி ஒரு சொல். கார்த்திகை விளக்கும் பொங்கல் பானையும் கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் வகுப்பில் வரட்டும், அவரவர் வீட்டிலிருந்து அவரவர் கொண்டுவரும் செய்தியாக. ஆனால் பருவப் பாடம் பண்டிகைப் பாடமாகச் சுருங்கிவிடக் கூடாது. மழையும் பனியும் எல்லா வீட்டுக்கும் பொது. ரமலான் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னே நகர்ந்து எல்லாப் பருவங்களையும் சுற்றி வருவது. அந்த மாதம் எப்போது வந்தாலும், மாலை வானத்தில் பிறையைப் பார்த்து வந்து மறுநாள் சிலேட்டில் வரைவது வகுப்பு முழுமைக்குமான பாடமாகும்.

மதிப்பெண் போடாதீர்கள், "அழகாக இருக்கிறது" என்ற சொல்லையும் கூடியவரை தவிருங்கள். கண்டதைச் சொல்லுங்கள்: "இந்த மரத்தில் காக்கைக் கூட்டை நீ மட்டும்தான் பார்த்திருக்கிறாய்." ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதியையும், குழந்தை தன் வாயால் சொல்லும் ஒரு வாக்கியத்தையும் அவள் சொன்ன பேச்சுவழக்கிலேயே நீங்கள் எழுதி வையுங்கள். பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து ஆளுக்கொரு கோப்பு தைத்துவிட்டால் ஆண்டு முழுவதும் படங்கள் அதில் சேரும்.

ஏப்ரல் இறுதியில், தேர்வு முடிந்த பிறகு, ஒவ்வொரு குழந்தையின் ஆறு வேம்புப் படங்களையும் தேதி வரிசையில் ஒரு நூலில் கோத்து, குழந்தையின் கண்மட்டத்தில் சுவரில் மாட்டுங்கள். பெற்றோரை மாலை ஐந்து மணிக்கு மேல் அழையுங்கள், அப்போதுதான் வேலையிலிருந்து வருவார்கள். நீங்கள் எதையும் விளக்க வேண்டாம். அம்மாவையோ தாத்தாவையோ கைபிடித்து இழுத்துச் சென்று, எந்தப் படத்தில் எந்த மாதம் என்று குழந்தையே சொல்லட்டும். சுவருக்கு வெளியே, அன்று வேம்பு பூத்திருக்கும்.